கடுகு பாய்ந்த காரணம்

விலா எலும்புக்குக் கட்டுப் போட மாட்டார்கள் என்பது நாற்பத்து நான்கு வயதுவரை எனக்குத் தெரியாது. கை உடைந்தால் மாவுக்கட்டு, கால் உடைந்தால் மாவுக்கட்டு. அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தால் நாலு பேர் நின்று விசாரிப்பார்கள். விலா உடைந்தால் வெளியே காட்டுவதற்கு ஒன்றுமே கிடையாது. "தானா கூடிடும். மூச்ச மட்டும் நல்லா ஆழமா இழுத்து விடுங்க" என்று சொல்லி டாக்டர் அனுப்பிவிட்டார். மூச்சு விட்டால்தானே வலிக்கிறது என்று அவரிடம் சண்டை பிடிக்க ஆசையாக இருந்தது. சண்டைக்கும் மூச்சு வேண்டுமே, பேசாமல் வந்துவிட்டேன்.

உடைந்தது மூன்று. வலது பக்கம். விழுந்தது குதிரையிலிருந்து.

குதிரை என்றதும் யாராக இருந்தாலும் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு என் சுற்றளவைப் பார்ப்பார்கள். கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து லென்ஸ் வெட்டுகிற பொம்பளைக்குக் குதிரை ஒரு கேடா என்ற கேள்வி அவர்கள் வாய்வரை வந்து நிற்கும். நியாயமான கேள்விதான்.

எல்லாம் குதிரையேற்றப் பள்ளி டீச்சரால் வந்தது. அந்த அம்மாள் எங்கள் கடைக்கு நிரந்தர வாடிக்கை. மற்றவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு ஃபிரேம் மாற்றினால் அவர் இரண்டு மாதத்துக்கு ஒன்று மாற்றுவார். ஒரு தடவை கொண்டுவந்த ஃபிரேமின் காதுக் கம்பியில் வரிசையாகப் பல் பதிந்திருந்தது.

"யாரு டீச்சர் கடிச்சது?"

"கடுகு."

"கடுகா?"

"ஞாயித்துக்கிழமை வந்து பாருங்களேன்."

போய்ப் பார்த்தேன். பெயர்தான் கடுகு, ஆள் கதவு மாதிரி நின்றது. கறுப்பு கலந்த பழுப்பு நிறம், அதற்காக வைத்த பெயராம். பெண் குதிரை. என் தோளில் மூக்கை வைத்து ஒரு பெருமூச்சு விட்டது. அந்தச் சூடு துணியைத் தாண்டி உள்ளே இறங்கியது. அன்றைக்கே பள்ளியில் சேர்ந்துவிட்டேன்.

"நாப்பது வயசுல நாய்க்குணம்னு கேள்விப்பட்டிருக்கேன். குதிரைக்குணம் வர்றத இப்பத்தான் பார்க்கறேன்" என்றார் வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் மெக்கானிக். மேலே ஏறுகிற எதையும் சந்தேகத்தோடு பார்ப்பது அவர் தொழில்.

அவர் கேலி செய்துவிட்டுப் போகட்டும். நாள் முழுக்க ஒரு சாண் தூரத்தில் பார்க்கிறவள் நான். லென்ஸின் விளிம்பு, ஃபிரேமின் பள்ளம், இரண்டுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. ஊருக்கெல்லாம் தூரத்தைத் தெளிவாக்கிக் கொடுத்துவிட்டு நான் பார்ப்பது என்னவோ மேசை விளக்கின் வட்டத்தைத்தான். கடுகின் முதுகில் ஏறி உட்கார்ந்தால் அதன் இரண்டு காதுகளுக்கு நடுவே வேலி, மைதானம், அதற்கப்பால் மரங்கள், அதற்கும் அப்பால் சாலையில் போகிற பஸ் எல்லாம் ஒரே நேரத்தில் தெரியும். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் என் கண்ணுக்கு லீவு.

கடுகைக் குட்டியிலிருந்து வளர்த்துப் பழக்கியவர் டீச்சர்தான். உதைத்தால் நடக்கிற குதிரை ஆயிரம் இருக்கிறது, சொன்னால் நடக்கிற குதிரை ஒன்றாவது இருக்கட்டும் என்று அவருக்குப் பிடிவாதம். நாக்கை மேலண்ணத்தில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் கடுகு நடக்கும். விடாமல் தட்டினால் ஓடும். எனக்கு அது வசதியாகப் போயிற்று. காலில் வலு இல்லாவிட்டாலும் நாக்கில் வலுவுக்குக் குறைவில்லை என்று வீட்டுக்காரரே சான்று கொடுப்பார்.

விழுந்த அன்று என்னோடு அக்காவும் வந்திருந்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். அம்மா போனபிறகு அம்மாவின் இடத்தில் யாரையும் கேட்காமல் தானே போய் உட்கார்ந்துகொண்டாள். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி பியூட்டி பார்லர் வைத்திருக்கிறாள். அவள் கத்தரிக்கோல் பிடிக்கிற அழகைவிடக் கதை கேட்கிற அழகுக்காக வருகிறவர்கள்தான் அதிகம். நாற்காலியில் சாய்ந்ததும் மாமியார், நாத்தனார், மேனேஜர், மூட்டுவலி என்று ஒவ்வொரு மூட்டையாக அவிழும். அக்கா முடியை வெட்டிக்கொண்டே உச்சுக் கொட்டுவாள். அதில்தான் எத்தனை ரகம். சின்ன வருத்தத்துக்கு ஒன்று, பெரிய அநியாயத்துக்கு நாலைந்து சேர்ந்தாற்போல். பாதிப் பேருக்கு அதிலேயே பாரம் இறங்கிவிடும், மீதிப் பாரத்தை முடியோடு கூட்டித் தள்ளிவிடுவாள்.

"நீ எங்கயாவது விழுந்து வைக்கறதுக்குள்ள அந்த ஜந்துவ நான் ஒரு தடவ பார்த்துடறேன்" என்று சொல்லிக்கொண்டு கிளம்பினாள். வாய் முகூர்த்தம் என்பார்களே, அதுதான்.

நான் ஏறி உட்கார்ந்துவிட்டேன். டீச்சர் இன்னொரு குதிரையை உள்ளே விடுவதற்குக் கேட்டைத் திறக்கப் போயிருந்தார். வலது காலை அங்கவடி வளையத்திலிருந்து எடுத்துவிட்டு, அந்தப் பக்கம் குனிந்து, அதன் வாரை ஒரு துளை மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன். பக்கிளில் விரல் நசுங்கியது. "ஸ்..." என்று விரலை உதறி வாயில் வைத்துக்கொண்டேன். வேலிக்கு வெளியே நின்ற அக்கா பாவப்பட்டாள். அவ்வளவுதான், கடுகு பாய்ந்தது. எனக்கு ஒரு கால் அந்தரத்தில், ஒரு கை வாரில், ஒரு விரல் வாயில். நான் சரிந்த பக்கத்தில் வேலிக் கட்டை நின்றது.

டீச்சர் ஓடிவந்து முதலில் கேட்டது, "யாராவது நாக்கத் தட்டினீங்களா?" என்றுதான். வாயில் விரலை வைத்துக்கொண்டு நான் எங்கே தட்டுவது. அக்காவைக் கேட்டார்.

"நான் எதுக்கும்மா நாக்கத் தட்டப் போறேன்? சும்மா நின்ன குதிரை, திடீர்னு பேய் புடிச்ச மாதிரி பாஞ்சுது. நான் கண்ணால பார்த்தேன்" என்றாள் அக்கா. நான் மண்ணில் கிடந்தபடி அதைக் கேட்டேன்.

மறுநாள் அவள் பார்லர் கதவில் "சில நாட்களுக்கு விடுமுறை" என்று எழுதி ஒட்டிவிட்டு எங்கள் வீட்டு ஹாலில் படுக்கையை விரித்தாள்.

விலா உடைந்தவள் பிழைப்பு ஒரு தனிப் பிழைப்பு. இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு இறுக்கி அணைத்துக்கொண்டு இருமவேண்டும். தும்மல் வந்தால் தொலைந்தோம். படுத்தால் எழ முடியாது, எழுந்தால் படுக்க முடியாது. சிரிக்கவே கூடாது. இந்தக் கடைசிச் சட்டத்தில்தான் வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டார். வாயைத் திறந்தால் கேலி வருகிற மனிதர், வாயைத் திறக்காமல் எத்தனை நாள் இருப்பார். ஒரு நாள் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "மேல போனா கீழ வந்துதானே ஆகணும். எங்க கம்பெனி கொள்கையும் அதான்" என்று முணுமுணுத்துவிட்டார். நான் சிரித்து, சிரித்ததால் அழுது, அழுததால் இருமி, ஒரு பாடு பட்டுவிட்டேன். அக்கா அவரைச் சமையலறைக்கு நாடு கடத்தினாள். அவர் அங்கேயே நின்று பாத்திரம் தேய்த்தார்.

ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் கருவி கொடுத்திருந்தார்கள். மூன்று அறை, மூன்று பந்து. குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் பந்துகள் எழும்பவேண்டும். இல்லாவிட்டால் நெஞ்சில் சளி கட்டிவிடுமாம். அக்கா அதைப் பிடித்துக்கொண்டு என் எதிரில் உட்காருவாள். "இழு, இழு, இன்னும் கொஞ்சம். மூணாவது பந்து அசையுது பாரு" என்பாள். நான் எரிந்து விழுவேன். வலிக்கிறவளுக்குக் கோபத்தைக் காட்ட ஒரு ஆள் வேண்டும், கைக்கெட்டும் தூரத்தில் அவள்தான் இருந்தாள். ஒரு உச்சுக் கொட்டிவிட்டுக் கருவியை மறுபடி நீட்டுவாள்.

என்னைப் படுக்கையிலிருந்து எழுப்புவதற்கு அவளே ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தாள். முதலில் என் முழங்காலை மடக்கி வைப்பாள். பிறகு என் கையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, முதுகுக்கு அடியில் தன் கையைக் கொடுத்து, "ம், இப்ப" என்பாள். அந்த "ம், இப்ப"வுக்கு என் உடம்பு பழகிவிட்டது. ஆஸ்பத்திரி நர்ஸ்கூட அவ்வளவு நோகாமல் எழுப்பியதில்லை. பகல் முழுவதும் நின்று வேலை பார்த்துத் தேய்ந்த இடுப்பு அவளுக்கு. அது நொந்திருக்கும் என்பது அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரே ஒரு விஷயத்தில்தான் எங்களுக்குள் முட்டிக்கொண்டது. என்னைக் கேட்காமல் அவள் பள்ளி முதலாளிக்கு ஃபோன் போட்டுவிட்டாள். காரணமே இல்லாமல் குதிரை பாய்ந்தது, நான் நேரில் பார்த்தேன், நாளைக்கு இன்னொரு குடும்பம் அழக் கூடாது என்று அரை மணி நேரம் பேசியிருக்கிறாள்.

"உன்னை யாரு பேசச் சொன்னது?" என்றேன்.

"குதிரை கீழ தள்ளினதோட குழியும் பறிச்சுதாம். அதையும் பார்த்துட்டுப் போகட்டும்னு இருக்கச் சொல்றியா?" என்றாள். பழமொழியோடு வருகிறவளிடம் யார் ஜெயிப்பது. என்னால் குரலை உயர்த்தவும் முடியவில்லை.

எலும்பு கூடியது. மூன்றாவது பந்தும் ஒரு நாள் எழும்பி நின்றது. நான் கடைக்குப் போனேன், அக்கா பார்லரைத் திறந்தாள், வீட்டுக்காரர் விட்ட கேலியையெல்லாம் வட்டியோடு பிடித்துக்கொண்டார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், "தாராளமா ஏறலாம்" என்றார். எலும்புக்கு அனுமதி கிடைத்துவிட்டது. எனக்குத்தான் கிடைக்கவில்லை.

என் பயம் இதுதான். குதிரை எதற்காவது மிரண்டிருந்தால் மனசு ஆறியிருக்கும். ஒரு பட்டாசுச் சத்தம், ஒரு பாம்பு, ஒரு பிளாஸ்டிக் பை, ஏதோ ஒன்று. அடுத்த தடவை அதைப் பார்த்து நடந்துகொள்ளலாம். சும்மா நின்ற குதிரை சும்மாவே பாய்ந்தது என்றால் அது எப்போது வேண்டுமானாலும் பாயும். அதன் மேல் நான் எதை நம்பி உட்காருவது. கடுகை நினைத்தால் ஆசையாகவும் இருந்தது, வலது பக்கம் சுருக்கென்றும் இருந்தது.

அந்த நேரத்தில்தான் டீச்சர் கடைக்கு வந்தார், கையில் உடைந்த ஃபிரேமோடு.

"கடுகு வேலையா?" என்றேன்.

"இல்லைங்க. நானே மேல உட்கார்ந்துட்டேன். கடுகுக்கு இப்ப யாரையும் கடிக்கற மனசே இல்ல. அன்னையிலேருந்து லாயத்துலயே நிக்குது. யாரையும் ஏத்தக் கூடாதுன்னு முதலாளி சொல்லிட்டார்." கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார். "வெள்ளிக்கிழமை லாரி வருது. ஏலத்துக்கு அனுப்பறாங்க."

"ஏலத்துல எடுக்கறவங்க என்ன பண்ணுவாங்க?"

"நான் அதைக் கேக்கல. கேட்டா தூக்கம் வராது." மேசைமேல் இருந்த துணியை எடுத்து லென்ஸே இல்லாத ஃபிரேமைத் துடைத்தார். "காரணம் இருந்தா திருத்தலாம்னு சொல்றார். காரணமில்லாம பாயற குதிரையப் பள்ளியில வெச்சுக்க முடியாதாம். நான் சொன்னா எடுபடல. நீ அதப் பெத்தவ மாதிரிப் பேசறே, நேர்ல பார்த்தவங்களே சொல்லிட்டாங்கங்கறார்."

நேரில் பார்த்தவள் யார் என்று இரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு ரத்தம் தலைக்கேறியது. யோசித்துப் பேசுகிற பழக்கம் எனக்கு எப்போதும் கிடையாது.

"ஞாயித்துக்கிழமை வர்றேன் டீச்சர். நான் ஏறிக் காட்டறேன்."



அக்காவிடம் சொன்னபோது கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ ஞாயிறு காலை பஸ் ஸ்டாப்பில் எனக்கு முன்னால் வந்து நின்றாள். கையில் எங்கள் வீட்டுத் தலையணை.

"அது எதுக்கு?"

"இருமல் வந்தா என்ன பண்ணுவே? அப்புறம், விழுந்தா தூக்கறதுக்கு ஒரு ஆள் வேணாமா?" என்றாள்.

லாயத்துக்குள் போனதும் அந்த வாசனை வந்து மோதியது. வைக்கோல், தோல், குதிரையின் வியர்வை. இத்தனை நாளும் எனக்குக் குறைந்திருந்தது இதுதான் என்று மூக்கு சொன்னது. கடுகு என்னைப் பார்த்தது. பார்த்த பார்வையில் குற்றமும் இல்லை, மன்னிப்பும் இல்லை. நேராக வந்து என் தோளில் மூக்கை வைத்தது. "உன்கூடப் பேச மாட்டேன் போ" என்றேன். சொல்லிக்கொண்டே அதன் நெற்றியைத் தடவினேன்.

டீச்சர் நீளக் கயிற்றைக் கடிவாளத்தில் மாட்டித் தன் கையில் பிடித்துக்கொண்டார். நான் ஏறுபடிமேல் நின்று, இடது காலை அங்கவடியில் வைத்து, வலது காலைத் தூக்கிப் போட்டேன். விலா இழுத்தது. உடைந்த வலி இல்லை, ஒட்டிய இடம் தன்னை ஞாபகப்படுத்துகிற வலி. பல்லைக் கடித்துக்கொண்டு சேணத்தில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்துவிட்டேன். இதை எழுதும்போதும் எனக்கு அந்த நிமிடம் இனிக்கிறது. காதுகளுக்கு நடுவே மைதானம் இருந்தது, மரங்கள் இருந்தன, தூரத்தில் ஒரு பஸ்ஸும் போயிற்று. எதையும் யாரும் எடுத்துக்கொண்டு போய்விடவில்லை. மூச்சை இழுத்தேன், அடிவரை போயிற்று. எனக்குக் கீழே கடுகும் மூச்சு இழுத்தது, அதன் விலா என் கால்களைத் தள்ளியது. உடைந்த உடம்பு கூடியதே கடவுள் புண்ணியம் என்று நினைத்தேன். முறையாகச் சொல்லத் தெரியாத நன்றிதான், ஆனால் நெஞ்சு நிறைய இருந்தது.

திரும்பி அக்காவைப் பார்த்துக் கையாட்டினேன். கை தூக்கியதில் பக்கவாட்டில் ஒரு இழுப்பு, முகம் சுளித்துவிட்டேன். உடனே கடுகு நடந்தது.

டீச்சர் கயிற்றை இழுத்து நிறுத்தினார். "தட்டினீங்களா?"

"இல்லையே. நீங்க?"

"நானும் இல்ல." அவர் முகம் வெளுத்தது. "அன்னைக்கு மாதிரியே, பாருங்க" என்று மெதுவாகச் சொன்னார். இறங்கிவிடலாமா என்று நினைத்தேன்.

கடுகு அசையாமல் நின்றது. நானும் அசையவில்லை, முகமும் சுளிக்கவில்லை. அப்போது வேலிப் பக்கத்திலிருந்து உச்சுச் சத்தம் வந்தது. ஒன்றல்ல, பெரிய அநியாயத்துக்குக் கொட்டுகிற மாதிரி நாலைந்து. கடுகின் வலது காது மட்டும் அக்கா நின்ற பக்கம் திரும்பியது. திரும்பிய கையோடு ஓட ஆரம்பித்தது. நல்ல பிள்ளை சொன்ன வேலையைச் செய்கிற மாதிரி, துள்ளலும் இல்லை, மிரட்சியும் இல்லை. டீச்சர் கூடவே ஓடிக் கயிற்றைச் சுருக்கி நிறுத்தினார்.

எனக்கு உறைத்துவிட்டது.

நாக்கைத் தட்டுவதும் உச்சுக் கொட்டுவதும் ஒரே சத்தம். நமக்குத்தான் அதற்கு இரண்டு பெயர், இரண்டு அர்த்தம். கடுகுக்கு ஒன்றுதான், நட என்று அர்த்தம். யாராவது நாக்கைத் தட்டினீர்களா என்று டீச்சர் கேட்டபோது அக்கா இல்லை என்றது சத்தியமான உண்மை. அவள் ஆயுளில் நாக்கைத் தட்டியதே கிடையாது. என் விரல் நசுங்கியதற்குப் பாவப்பட்டாள், அவ்வளவுதான். பாவப்பட்டதைப் போய் யார் சத்தம் என்று கணக்கில் வைப்பார்கள்.

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது. சந்தோஷத்தில் அவர் கண் கலங்கியது. "சொல்லிடலாம்ங்க. இப்பவே கூப்பிட்டுச் சொல்லிடலாம்."

"நீங்க மூச்சு விடாதீங்க டீச்சர். நான் சொல்லிக்கறேன்."

"வெள்ளிக்கிழமை லாரி வந்துடும்."

"தெரியும்."

பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து தலையணையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து வாக்கியம் வாக்கியமாகக் கட்டிப் பார்த்தேன். எப்படிக் கட்டினாலும் கடைசியில் "உன்னாலதான்" என்றுதான் வந்து நின்றது. என் வாய்க்கு இதெல்லாம் ஒரு பெரிய விஷயமே இல்லை. யாரிடமும் எதையும் முகத்துக்கு நேரே போட்டு உடைக்கிறவள் நான். ஆனால் முழங்காலை மடக்கி, கழுத்தைக் கொடுத்து, "ம், இப்ப" என்று எழுப்பியவளிடம் போய் என் விலாவை உடைத்தது நீதான் என்று எப்படிச் சொல்வது. அவள் அதை வாழ்நாள் முழுக்கச் சுமப்பாள். சொல்லாவிட்டால் கடுகு லாரியில் ஏறும். நேரில் பார்த்தவளின் வார்த்தையை நேரில் பார்த்தவள்தான் திரும்ப வாங்க முடியும்.

இறங்கும்போது அக்கா, "தலையெல்லாம் புழுதி. பார்லருக்கு வா, அலசி விடறேன்" என்றாள்.

விழுந்ததிலிருந்து என் தலையை அவள்தான் அலசுகிறாள். கையைத் தூக்கித் தேய்த்தால் விலா இழுக்கும். ஷட்டரைப் பாதி தூக்கி உள்ளே போனோம். பேசின் நாற்காலியில் என்னைச் சாய்த்து, கழுத்துக்குத் துண்டை மடித்துக் கொடுத்தாள். தண்ணீரைத் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்துவிட்டு என் தலையில் விட்டாள். ஷாம்பூ நுரைத்தது. நான் பார்க்க முடிந்தது கூரையையும், தலைகீழாகத் தெரிந்த அவள் மோவாயையும்தான். முகம் தெரியாமல் இருப்பது நல்லதாகப் பட்டது. இப்போது சொல்லாவிட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன்.

"அக்கா, அந்தக் குதிரை..."

"தெரியும்."

"என்ன தெரியும்?"

என் தலையில் ஓடிக்கொண்டிருந்த விரல்கள் நின்றன. "மொதல் தடவ கொட்டினது எனக்கே தெரியாது. குதிரை நடந்ததும் நீங்க ரெண்டு பேரும் நான் தட்டல, நான் தட்டலன்னு பேசிக்கிட்டீங்களே, அப்பத்தான் பொறி தட்டுச்சு. ரெண்டாவது தடவ நான் வேணும்னே கொட்டினேன்."

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டாள்.

"டீச்சரம்மா கயித்தப் புடிச்சிருந்தாங்க. இல்லைன்னா கொட்டியிருக்க மாட்டேன்" என்றாள். "என்னாலதான்டி. மூணு எலும்பு."

"நீ என்ன தெரிஞ்சா பண்ணினே? என் விரல் நசுங்குனதுக்குப் பாவப்பட்டே. அது ஒரு தப்பா?"

"நீ வாய மூடு" என்றாள்.

துண்டில் கையைத் துடைத்துக்கொள்கிற சத்தம் கேட்டது. ஃபோனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டுக் கண்ணாடிக்கு முன்னால் வைத்தாள். மணி அடித்தது. முதலாளி எடுத்தார்.

"சார், நான் அன்னைக்குப் பேசினேனே, விழுந்தவளோட அக்கா. நான் சொன்னது தப்பு சார்."

"எது தப்பும்மா?"

"குதிரை சும்மா பாயல. நான்தான் சத்தம் குடுத்தேன். நாக்குல. என்னை அறியாமலே குடுத்துட்டேன். அதுக்கு என்ன சொல்லிக் குடுத்திருக்கோ அத அது செஞ்சுது. இன்னைக்கும் குடுத்துப் பார்த்தேன், இன்னைக்கும் செஞ்சுது. உங்க டீச்சரம்மா சாட்சி."

அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒரு தடவைகூடத் தன் பங்கைக் குறைத்துச் சொல்லவில்லை.

"அப்ப லாரி வேணாம்னு சொல்லிடவா?"

"சொல்லிடுங்க சார்."

"உங்க தங்கச்சி மறுபடி அது மேல ஏறுவாங்களாம்மா? அவங்களே ஏறினா மத்தவங்களுக்கும் தைரியம் வரும்."

இங்கேதான் அக்கா நின்றாள். குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அந்த இடைவெளியில்தான் எனக்கு முழுதும் விளங்கியது. நான் குதிரை ஏறுவது அவளுக்குப் பிடிக்காது. ஒவ்வொரு ஞாயிறும் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்பாள். இரண்டாவது தடவை கொட்டாமல் வெள்ளிக்கிழமைவரை வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும். குதிரை போயிருக்கும், நான் வீட்டில் பத்திரமாகக் கிடந்திருப்பேன், அவள் செய்தது அவளுக்கே தெரியும் என்றுகூட நான் சந்தேகப்பட்டிருக்க மாட்டேன். அவள் கேட்காமலே எல்லாம் அவள் விருப்பப்படி நடந்திருக்கும்.

"ஏறுவா சார்" என்றாள் அக்கா. "வர்ற ஞாயித்துக்கிழமையே ஏறுவா."

ஃபோனை வைத்தாள். எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் நன்றி சொல்லிப் பழக்கமில்லை. சொன்னால் பிரித்துப் பேசுகிற மாதிரி இருக்கும் என்பார்கள். எனக்கோ அன்றைக்குச் சொல்லியே ஆகவேண்டும் போலிருந்தது. படுக்கையிலிருந்து எழுப்பியதற்கு இல்லை, பந்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததற்கு இல்லை. அதையெல்லாம் எந்த அக்காவும் செய்வாள். இப்போது செய்ததை என் அக்கா மட்டும்தான் செய்வாள்.

"தாங்க்ஸ்க்கா" என்றேன்.

"யாருக்கு வேணும் உன் தாங்க்ஸு. கண்ண மூடு, நுரை உள்ள போயிடும்."

மூடிக்கொண்டேன். மறுபடி ஒரு தடவை தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்துவிட்டுத்தான் என் தலையில் விட்டாள். தண்ணீரின் சூடு பதமாக இருந்தது.